காவடி விரதத்துல சுட்ட கொடுவா

ஜொகூர் பாருல ஒரு பெரிய ஹோட்டல் சமையல்கட்டுல நம்ம பிள்ளைங்க நாலு பேரு வேலை செய்யுறாங்க. போன மாசம் என்னைக் கூட்டிட்டுப் போயி, புதுசா வந்த கேஸ் ஓவனைக் காட்டுனாங்க. கண்ணாடிக் கதவு, உள்ளுக்கு விளக்கு, வெளிய ஒரு திருகு. இந்தப் பக்கம் திருகினா சூடு, அந்தப் பக்கம் திருகினா ஆறிடும். அலமாக், என்ன சொகுசு! ஒருத்தன் கேட்டான், "ஐயா, உங்க காலத்துல முழு மீனை எத்தன டிகிரியில சுட்டீங்க?"

"டிகிரியாவது ஒண்ணாவது. வெள்ளைக் காகிதம்தான் எங்களுக்கு டிகிரி."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல, ஏன்னா அது நெசம். ஓவன் சூடாயிருச்சுன்னு தோணினா ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை உள்ள போட்டுக் கதவைச் சாத்தி, அவசரப்படாம அறுவது எண்ணணும். எடுத்துப் பாக்கறப்ப காகிதம் கருகியிருந்தா மீன் தோல் வெடிச்சிரும், முள்ளுக்கிட்ட பச்சையா நிக்கும். வெள்ளையாவே இருந்தா மீன் சுடாது, தண்ணி விட்டு அவிஞ்சிரும். பால் ஊத்துன தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தா மீனை உள்ள தள்ளு. இதைச் சொன்னதும் பிள்ளைங்க சிரிப்பை நிறுத்திட்டு, "இதையெல்லாம் எழுதிக் குடுங்க ஐயா"ன்னு கேட்டாங்க. சரின்னு உக்காந்தேன். ஆனா எழுத எழுத, கை ஒரே ஒரு மீனைத்தான் தேடிப் போவுது. நான் ருசி பாக்காம அடுப்புல வெச்ச மீன் அது.

அதுக்கு முன்ன என் கதையை ரெண்டு வரியில சொல்லிடுறேன். சாஆங்கிற ஊருப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல துரை பங்களாவுக்குத் தண்ணி சுமந்தேன், விறகு பொளந்தேன், பாத்திரம் கழுவினேன், அப்புறம் சமைச்சேன். அங்க ஓவன் கெடையாது. மண்ணெண்ணெய் டின்னைப் படுக்க வெச்சு, அடியிலயும் மேலயும் நெருப்புக் கங்கைப் பரப்புவோம். முதல் மீனு ஒரு பக்கம் கரி, மறு பக்கம் ரத்தம். துரை தட்டைத் தள்ளிட்டு, "இந்தப் பக்கத்தை நீ தின்னு, அந்தப் பக்கத்தைப் பூனைக்குப் போடு"ன்னாரு. பூனையும் திங்கல. இப்படித்தான் நான் படிச்சேன்.

கல்யாணம் ஆனப்புறம் சிகாமட் ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்துல இருந்த ரெஸ்ட் ஹவுஸ்ல சமையல்காரனா சேந்தேன். உத்தியோகத்துல சுத்தி வர்ற துரைமாருங்க தங்குற இடம். சமையல்கட்டுல விறகு போட்டு எரிக்குற ஒரு இரும்பு ஓவன் இருந்துச்சு. பின்னாலயே எங்களுக்கு ஒரு அறை, ஒரு சின்ன அடுப்படி. என் சம்சாரம் பாக்கியம் வந்த மொத வாரமே பின்புறத்துல ஒரு லிமாவ் கஸ்தூரி செடி நட்டா. நம்ம எலுமிச்சையில பாதி அளவுதான் அந்தப் பழம், வாசனை மட்டும் ரெண்டு மடங்கு.

ரெஸ்ட் ஹவுஸுக்குப் பொறுப்பா இருந்தவர் ஞானமுத்து ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்துவ வேதக்காரர், பொண்டாட்டி புள்ளைங்க இல்லாத ஒண்டிக்கட்டை. கஞ்சி போட்ட வெள்ளை டிரில் கோட்டு. கோட்டு உள்பையில கைக்குட்டையில சுத்தின ஒரு வெள்ளிக் கரண்டி எப்பவும் இருக்கும். யாரையும் அதட்டிப் பேச மாட்டாரு. அதட்டினாக் கூடப் பரவால்லன்னு இருக்கும், அப்படி ஒரு அமைதி. தட்டைக் கழுவி வெச்சா, அடிப்பக்கத்தை நகத்தால சுரண்டிப் பாத்துட்டு, "இன்னொருக்காக் கழுவும்"ன்னு திருப்பிக் குடுப்பாரு. அவ்வளவுதான். ஒரே தட்டை மூணு தடவ கழுவின நாள் எல்லாம் உண்டு.

சமையலைச் சோதிக்கிறப்ப அந்த வெள்ளிக் கரண்டியை எடுப்பாரு. நாக்கு நுனியில வெச்சுக் கண்ணை மூடுவாரு. சரியா இருந்தா "ஓம்". சரியில்லன்னா "இல்லை". நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை அவர் வாயில இருந்து வராது. நான் பாக்கியத்துக்கிட்டப் பொலம்புவேன், "அந்தாளு நாக்கு நாக்கா, இல்ல தராசா?"ன்னு. ஆனா அந்தத் தராசுதான் என்னைச் சமையல்காரனாக்குச்சுன்னு இன்னைக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன்.

ஒரு தடவ மீனை ஓவன்ல வைக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எலுமிச்சையைப் புழிஞ்சு ஊற வெச்சுட்டேன். வாசனை ஏறும்னு நெனப்பு. ஐயா ஒரு விள்ளல் எடுத்துப் பாத்துட்டு, "இல்லை"ன்னாரு. என்ன குத்தம்னு கேட்டேன். "புளிப்பு மீனை முதலே அவிச்சுப் போட்டுது. பிறகு நெருப்புக்கு என்ன வேலை காணும்?" அன்னையிலேர்ந்து சாறை முன்னாடி புழிஞ்சதே இல்ல. கீறின இடத்துல வட்டமா நறுக்கின துண்டைச் செருகணும், கொட்டையை ஒண்ணு விடாம எடுத்துரணும், இல்லன்னா கசக்கும். சாறு வேணும்னா மேசைக்குப் போறப்ப புழியலாம்.

முழு மீன் சுடுறதுக்குக் கொடுவாதான் ராஜா. சதை தடிமன், முள்ளு கம்மி. செதிலை எடுத்துக் குடலை உருவிக் கழுவினதும், துணியால உள்ளயும் வெளியயும் ஈரம் போகத் தொடைக்கணும். பக்கத்துக்கு மூணு கீறல், சாய்வா, முள்ளைத் தொடுற வரைக்கும். உப்பு தேச்சு, வயித்துக்குள்ள தட்டின செரை, இஞ்சி, சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி கெசோம் இலை. செரைன்னா எலுமிச்சைப் புல்லோட தண்டு. கெசோம், மலாய்க்காரங்க மீன் குழம்புல போடுற காரமான தழை. தட்டுல செரைத் தண்டை வரிசையா அடுக்கி அது மேல மீனைப் படுக்க வெச்சாத் தோல் ஒட்டாது. மேல டின் வெண்ணெய் தடவி வாழையிலையால மூடி உள்ள தள்ளணும். இருபது நிமிசத்துல தட்டுல சாறு எறங்கியிருக்கும். அந்தச் சாறுல ஒரு சொட்டு நாக்குல வெச்சா முழு மீனோட உப்பும் தெரிஞ்சிரும். கூடக் கொறைய இருந்தா அப்பத்தான் சரி பண்ணணும், அதுக்கப்புறம் பண்ண முடியாது.

இப்ப அந்த மீனுக்கு வாரேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டந்தோட்டமா ஆளைக் குறைச்சு, நம்ம சனத்தைக் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிக்கிட்டு இருந்த காலம். பாக்கியத்தோட அண்ணன் குடும்பமே அப்படித்தான் போச்சு. அந்தத் தீபாவளி முடிஞ்சதும் பாக்கியத்துக்கு மலேரியாக் காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் விட்டுச்சு, ஆனா அவ எந்திரிக்கல. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் குடுத்த கொயினா மருந்துல வாயெல்லாம் கசந்து, என்ன குடுத்தாலும், "நாக்கு செத்துப் போச்சுங்க, மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு"ம்பா. ரெண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். கை வளையல் முழங்கைக்கு ஏறி நிக்கும். டிரெஸ்ஸர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மருந்து செய்யுறதைச் செஞ்சாச்சு. இனி சாப்பிட்டாத்தான் பொழைப்பாங்க"ன்னாரு.

நான் முருகனுக்கு நேந்துக்கிட்டேன். தைப்பூசத்துக்குக் காவடி, அதுக்கு நாப்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, பாயில படுக்கை, மீன் கறி நாக்குல படக் கூடாது. பாக்கியம் தானும் விரதம் இருக்கேன்னா. டிரெஸ்ஸர் கண்டிச்சுட்டாரு, "சாப்பாடு இறங்காத ஆளுக்கு விரதம் ஒரு கேடா?"ன்னு. நான் சமைக்கிறது மீனும் கறியும் ஆச்சேன்னு பூசாரியைக் கேட்டேன். "தொழில் கையில, விரதம் நாக்குல. குளிச்சிட்டு வா"ன்னுட்டாரு. ருசி பாக்குறதுக்கு என்ன பண்றது? ஞானமுத்து ஐயாக்கிட்டப் போயி நின்னேன். வேதக்காரராச்சே, ஏதாவது சொல்லுவாருன்னு பயம். அவரு பையில இருந்த கரண்டியைத் தொட்டுக் காட்டி, "நான் பாக்கிறன். நீர் உம்மட சாமியைப் பாரும்"ன்னாரு. அந்த மனுசனுக்கு நான் பட்ட கடன்ல அது மொத கடன்.

விரதம் ஒரு மாசம் ஓடியிருக்கும். மேலிடத்துல இருந்து கடுதாசி வந்துச்சு. செலவைக் குறைக்கணும், சிகாமட் ரெஸ்ட் ஹவுஸ்ல சமையல்கட்டு தேவையான்னு பாக்க ஒரு பெரிய துரை நேர்ல வாராரு, மத்தியானம் அங்கதான் சாப்பிடுவாரு. ஐயா கடுதாசியைப் படிச்சுக் காட்டிட்டு மடிச்சு வெச்சாரு. சமையல்கட்டு போச்சுன்னா என் வேலை போச்சு, அறை போச்சு. அடுத்தது கப்பல்தான். அத்தன நாள் கப்பல்ல, டெக்குல படுத்து, அந்த ஒடம்போட பாக்கியம் கரை சேர மாட்டா. எனக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

"என்ன சமைக்கப் போறீர்?"

"கொடுவா ஐயா. முழுசா."

"ஓம்"ன்னாரு.

மீன் ஜொகூர் பாருல இருந்து ரயில்ல வரணும். எங்களுக்கு மீன் அனுப்புறவரு பாக் லேமான்னு ஒரு மலாய்க்காரர். ஐஸ் கட்டி, மரத்தூள், அதுக்குள்ள மீன், மேல சாக்கு. அது வெள்ளக் காலம், வழியில தண்டவாளத்துல தண்ணி ஏறிக் கிடந்துச்சு. துரை வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வர வேண்டிய பொட்டி மறுநாள் காலையிலதான் வந்துச்சு. ஐஸ் பொட்டுக் கூட இல்ல, மரத்தூள் சேறாக் கெடக்கு. கையை விட்டு மீனை எடுத்தேன். நாலு காட்டி, இன்னைக்குக் கணக்குல ரெண்டரைக் கிலோ எடை இருக்கும், குடல் எடுத்தது. அமுக்கிப் பாத்தா நல்லா விறைப்பா நிக்குது, நாத்தமும் இல்ல. முருகா, உன் கருணைன்னு கும்பிட்டேன். அந்த விறைப்பு ஏன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

பதினோரு மணிக்கு மேல ஐயா துரையை அழைக்க ஸ்டேசனுக்குப் போனாரு. "அரை மணித்தியாலத்தில வந்திடுவன். சாறு இறங்கேக்க நான் நிப்பன்"ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ரயில் லேட்டாயிருச்சு. நான் அடுப்புல ரப்பர் விறகை நிறுத்திட்டு, நின்னு எரியுற சதுப்பு நிலத்துப் பக்காவ் மரக் கரியைப் போட்டேன். காகிதம் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துச்சு. எப்பவும் போடுற உப்பைத் தேச்சு, மீனை உள்ள வெச்சேன். இருபது நிமிசம் ஆச்சு. ஐயா வரல. கரண்டியில சாறை எடுத்துக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறேன். ஒரு சொட்டு. ஒரே சொட்டு. முருகன் கோவிச்சுக்குவாரான்னு மனசு கேக்குது. ஆனா விரதம் என் உசுருக்கா எடுத்தேன்? அவ உசுருக்கு எடுத்தது. அதுல நான் எப்படி வாய் வைக்கிறது? கரண்டியைக் கீழ வெச்சுட்டேன்.

அப்பப் பின்வாசல்ல நிழல் ஆடுச்சு. பாக்கியம். சுவத்தைப் புடிச்சிப் புடிச்சி வந்து, முந்தானையில லிமாவ் கஸ்தூரிப் பழத்தை ஏந்திக்கிட்டு நிக்கிறா.

"ஏன் புள்ள எந்திரிச்சு வந்த? கூப்பிட்டா நான் வந்து பறிச்சுக்க மாட்டனா?"

"துரை வாராருன்னீங்களே. பழம் பத்தாமப் போயிரும்னு பறிச்சேன்." மணைக்கட்டையில உக்காந்தா. மூச்சு வாங்குது. கொஞ்ச நேரம் ஓவனையே பாத்துக்கிட்டு இருந்தா. "என்னமோ வாசனையா இருக்குங்க. எனக்கு ஒரு வாய் தரலாமா?"

மூணு மாசத்துல அவ வாய் தொறந்து சாப்பாடு கேட்டது அதான் மொத தடவ. துரையாவது பெரிய துரையாவது. தட்டை இழுத்து, மீனை லேசாத் தூக்கி, மேசையில தெரியாத அடிப்பக்கத்துல இருந்து ஒரு கரண்டி சதை எடுத்து, சாறுல நனைச்சு, ஊதி ஊதி அவ வாயில வெச்சேன்.

மென்னா. கண்ணு விரிஞ்சுச்சு. "ஏங்க! உப்பு தெரியுதுங்க! நல்லா இருக்குங்க, இன்னொரு வாய் குடுங்க!"

எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்றது? அவ தலையைப் புடிச்சு முத்தம் குடுத்திருப்பேன், கையில எண்ணெய். இன்னொரு கரண்டி எடுக்கக் குனிஞ்சேன். குனிஞ்சவன் அப்படியே நின்னுட்டேன். காலையில கஞ்சியில உப்பைக் கையால அள்ளிப் போட்டும் மண்ணுன்னு சொன்னவ இவ. இவளுக்கே உப்பு தெரியுதுன்னா, மத்தவன் வாயில வெச்சா என்ன ஆவும்?

ஓடிப்போயி காலையில தூக்கிப் போட்ட சாக்கைக் கிளறினேன். அடி மடிப்புல கரையாம மிஞ்சின கல்லுப்பு, மத்ததெல்லாம் கரைஞ்சு சதையில ஏறியிருக்கு. வெள்ளம்னு கேள்விப்பட்ட பாக் லேமான், ஐஸ் கரைஞ்சாலும் மீன் கெடக் கூடாதுன்னு வயித்துல உப்பை அடைச்சு அனுப்பியிருக்காரு. ஒரு காகிதத்துல எழுதியும் வெச்சாராம், அது சேத்தோட சேறாப் போச்சு. பாவம், நல்லதுதான் செஞ்சாரு. புது மீனோட விறைப்புன்னு நான் நெனச்சது உப்பு ஏறின விறைப்பு. அதுக்கு மேல என் பங்குக்கு நானும் உப்பைத் தேச்சிருக்கேன்.

"போச்சு புள்ள. எல்லாம் போச்சு"ன்னு தரையில உக்காந்துட்டேன்.

விசயத்தைச் சொன்னதும் பாக்கியம் என்னைப் பாத்த பார்வை இருக்கே! "உக்காந்தா மீன் இனிச்சிருமா? எந்திரிங்க. நான் இங்கதான இருக்கேன், நான் வாயில வெச்சுச் சொல்றேன்"னா.

எந்திரிச்சேன். தட்டுல இருந்த சாறை ஒரு கிண்ணத்துல வடிச்சேன். வயித்துல இருந்த தழையெல்லாம் உருவிப் போட்டேன். மேல் தோலுல உப்பு ஜாஸ்தி, அதை முகத்துல இருந்து வாலு வரைக்கும் கிழியாம உரிச்சேன். வாழையிலையும் பலகையும் வெச்சு மீனைக் கவுத்து, மறு பக்கத்தையும் உரிச்சு, பழையபடி திருப்பிப் போட்டேன். பாதி வெந்த நாலு காட்டி மீனு, ஒரு அசைவு தப்பினா ரெண்டாப் போயிரும். மூச்சைக் கூட விடல. வெந்நியில நனைச்ச துணியால வயித்தை மூணு தடவ தொடைச்சேன். தேங்காயைத் திருகி, மொதப் பாலை உப்பில்லாம செரையோட சூடாக்கி, கீறல்லயும் வயித்துலயும் ஊத்தி, ஊற விட்டு வடிச்சேன். மறுபடியும் ஊத்தி மறுபடியும் வடிச்சேன். எலுமிச்சைப் பக்கம் கை போச்சு, நிறுத்திக்கிட்டேன். புளிப்பு ஏறினா உப்பும் கூடத் தூக்கிக் காட்டும். துரைக்குப் பழத்தட்டுல வைக்க ஒரு பம்பளிமாஸ் வாங்கியிருந்தேன், நம்ம தலையளவு இருக்குமே, அந்த நாரத்தை ஜாதிப் பழம். அதை உரிச்சு, இனிப்புச் சுளையை உதுத்து, வயித்துக்குள்ள அடைச்சேன். தோல் இருந்த எடத்துலயும் செதில் செதிலா அடுக்கினேன். டின் வெண்ணெயிலயும் உப்பு இருக்கு, அதனால பாக்கியத்துக்கு வாங்கி வெச்சிருந்த நெய்யைத் தடவினேன். கரியைப் பாதி வெளிய இழுத்துப் போட்டு, நிதானச் சூட்டுல உள்ள தள்ளினேன்.

வெளிய கார் சத்தம் கேட்டுச்சு. துரை வந்துட்டாரு, குளிக்கப் போயிருக்காரு. நான் மீனைத் தூக்கி, அதே அடிப்பக்கத்துல இருந்து ஒரு விள்ளல் எடுத்துப் பாக்கியம் வாயில வெச்சேன்.

மென்னா. மூஞ்சி சுருங்குச்சு. "என்னங்க இது? மண்ணு மாதிரி ஆக்கிப்புட்டீங்க. மொதல்ல குடுத்ததுதான் நல்லா இருந்துச்சு. கெடுத்துட்டீங்களே!"

அப்பாடா! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "உண்மையாவே மண்ணா இருக்கா?"

"சுத்த மண்ணு."

"அப்ப சரியா இருக்கும் புள்ள"ன்னேன். அவளுக்குக் கோவம், நான் கிண்டல் பண்றேன்னு.

ஞானமுத்து ஐயா உள்ள வந்தாரு. வேர்வையில கோட்டு நனைஞ்சிருக்கு. மணைக்கட்டையில உக்காந்திருக்கிற பாக்கியத்தைப் பாத்தாரு, உரிச்ச தோலைப் பாத்தாரு, வடிச்சு வெச்ச கிண்ணத்தைப் பாத்தாரு. வெள்ளிக் கரண்டியை எடுத்துக் கிண்ணத்துல விட்டு வாயில வெச்சாரு. அவ்வளவுதான், சமையல்கட்டுத் தொட்டிப் பக்கம் ஓடினாரு. வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து, "என்ன காணும் இது?"ன்னாரு. ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டினேன், பாக்கியம் வாயில வெச்சது வரைக்கும் மறைக்காம. அவரு கரண்டியைத் தொடைச்சு, மீனுல ஒரு நுனி எடுத்தாரு. கண்ணை மூடினாரு. அந்த நேரம் என் உசுரு என்கிட்ட இல்ல.

"ஓம்"ன்னாரு.

அவரே தட்டைத் தூக்கிட்டுப் போனாரு. நான் கதவிடுக்குல நின்னு பாத்தேன். துரை சாப்பிட ஆரம்பிச்சாரு. உப்பில்லாம அவிச்ச உருளைக்கெழங்கையும் கூட வெச்சிருந்தேன், அதையும் தொட்டுக்கிட்டாரு. மேல் பக்கம் முடிஞ்சு, ஐயா நடுமுள்ளைத் தூக்கி எடுத்தாரு. அடிப்பக்கத்துல ரெண்டு கரண்டி அளவு பள்ளம். துரை முள்ளுக்கரண்டியால அதைத் தொட்டுக் காட்டி என்னமோ கேட்டாரு. சீக்காளிப் பொம்பளை வாய் வெச்ச மீனுன்னு ஐயா சொன்னா அன்னைக்கே நாங்க தெருவுல. அந்த மனுசனோ பொய்யே பேச மாட்டாரு. ஒரு தட்டு ஒடைஞ்சாக் கூட, யாரு ஒடைச்சதுன்னு மறைக்காம எழுதி அனுப்புற ஆளு.

ஐயா நிமிந்து நின்னு இங்கிலீஸ்ல என்னமோ சொன்னாரு. துரை தலையை ஆட்டினாரு. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துல இருந்த சதையை எடுத்துத் தட்டுல போட்டுக்கிட்டாரு.

அரை மணி கழிச்சு ஐயா சமையல்கட்டுக்கு வந்தாரு. "குசினி இருக்கும். நீரும் இருப்பீர்"ன்னாரு.

அவர் காலுல விழப் போனேன், தடுத்துட்டாரு. "அந்தப் பள்ளத்துக்கு என்ன சொன்னீங்க ஐயா?"

"நான் ருசி பாத்த இடம், அது என்ர பழக்கமெண்டு சொன்னன். நல்ல பழக்கமெண்டார்." கரண்டியைக் கைக்குட்டையில சுத்திப் பையில வெச்சாரு. "பொய். ஞாயிற்றுக்கிழமை கோயில்ல முழங்கால் போடவேணும். உம்மாலதான்." கோவமாத்தான் சொன்னாரு. சொல்லிட்டு, மேசையில மிச்சம் இருந்த மீனை ஒரு தட்டுல எடுத்து வந்து பாக்கியம் முன்னால வெச்சாரு. "சாப்பிடும் பிள்ளை."

அவ அதைத் தொடல. கிண்ணத்துல வடிச்சு வெச்ச அந்தக் கரிக்கிற சாறைத்தான் கேட்டா. தண்ணி கலந்து, சோத்துல நாலு சொட்டு விட்டுப் பெசைஞ்சு குடுத்தேன். ஒரு பிடி தின்னா. இன்னொரு பிடி தின்னா. தட்டை வழிச்சுட்டு, "இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க"ன்னா. ஐயா சட்டுனு திரும்பிச் சன்னல் பக்கம் போயி நின்னுக்கிட்டாரு.

அதுக்கப்புறம் நான் அவளுக்கு உப்பைத் தூக்கலாப் போட்டே சமைச்சேன். அது ஒடம்புக்கு நல்லதா கெட்டதான்னு யாரையும் கேக்கல. கத்திரிக்காய்க் குழம்பு, ஊறுகாத் தண்ணி, எது எறங்குதோ அது. வளையல் மெல்ல மெல்ல மணிக்கட்டுக்கு எறங்கிச்சு. தைப்பூசத்தன்னைக்குக் காவடி தூக்குனப்ப அவ கோயில் வாசல் வரைக்கும் நடந்தே வந்தா. முருகனுக்கு நன்றி. ஞானமுத்து ஐயாவுக்கு, அவர் கும்பிட்ட சாமிக்கு, உப்பை அடைச்ச பாக் லேமானுக்கு, எல்லாருக்கும் நன்றி. இதுல யாரு கொறைஞ்சிருந்தாலும் நான் இந்தக் கட்டுரையை எழுத உக்காந்திருக்க மாட்டேன்.

காவடிக்கு மறுநாள் விரதம் முடிச்சு, வீட்டுல நானே ரசம் வெச்சேன். எப்பவும் அவளுக்குப் போடுற மாதிரி உப்பைப் போட்டுத்தான். தட்டுல ஊத்தினேன். ஒரு வாய் வெச்சவ, தூன்னு துப்பிட்டா.

"சீ! என்னங்க இது, உப்பை அள்ளிக் கொட்டி வெச்சிருக்கீங்க! நீங்கெல்லாம் ஒரு சமையல்காரரா? மனுசன் திம்பானா இதை?"

நான் கரண்டியைக் கையில புடிச்சபடியே நிக்கிறேன். கண்ணுல தண்ணி பொலபொலன்னு ஊத்துது. அவ பயந்து போயிட்டா.

"ஐயய்யோ, ஏன் அழுவுறீங்க? நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். குடுங்க, சாப்பிட்டுக்குறேன்."

"வேணாம் புள்ள. நீ சாப்பிட வேணாம்"ன்னேன். "இன்னும் கொஞ்ச நேரம் திட்டு."